சுதேசிக் கப்பல் கம்பெனி ஐந்தே ஆண்டில் கலைந்தது. சீனாவில் அதே முயற்சி நிலைத்தது எப்படி?

கேள்வி: ஒட்டப்பிடாரம் வாசகன்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் வழக்கம் உண்டு. செப்டம்பர் 5 நெருங்கிவிட்டால் எங்கே தொடங்கினாலும் பேச்சு வ.உ.சி.யிடம்தான் வந்து நிற்கும். சென்ற கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "வெள்ளைக்காரர்கள் சீனாவின் துறைமுகங்களையும்தானே பிடித்துக்கொண்டார்கள், அங்கே இவரைப் போல யாரும் கப்பல் விடவில்லையா?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்ட செய்தியே என்னை நிறுத்திவிட்டது. வ.உ.சி. பிறந்த அதே 1872ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், லீ ஹோங்சாங் என்னும் தலைமை ஆளுநர் முன்மொழிய, பீக்கிங் அரசவை சீன வணிகர்களின் நீராவிக் கப்பல் கம்பெனி ஒன்றுக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. யாங்ட்சி ஆற்றிலும் சீனக் கடலோரத்திலும் அமெரிக்க, ஆங்கிலேயக் கப்பல்கள் அள்ளிக்கொண்டிருந்த வருமானத்தில் ஒரு பங்கையாவது சீனர் கைக்குத் திருப்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தக் கம்பெனி ஒன்றரை நூற்றாண்டு கடந்து இன்றும் இருக்கிறது. நம்முடையதோ 1906 அக்டோபர் 16 அன்று பதிவாகி, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என 10 லட்சம் ரூபாய் முதல் திரட்டத் திட்டமிட்டு, காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, 1911இல் கலைக்கப்பட்டது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. உடனே அவன் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தான். நம் ஆட்கள் குடைக்கு ஆசைப்பட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட கதை என்றாலும் இப்போது எனக்கு அது உறுத்துகிறது. ஏழைக் கூலியாள் ஒருவன் குடை வாங்கியதாலா ஒரு கம்பெனி அழியும்? சீனாவிலும் கட்டணப் போட்டி நடந்திருக்குமே, அங்கே அவர்கள் எப்படித் தாங்கினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பதில் சொல்வேன்.

பதில்: கிட்டங்கிக் கணக்கர், தூத்துக்குடி

குடையை விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கப்பல் நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் நிலக்கரிச் செலவும் மாலுமிகள் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கட்டணப் போட்டி வரும்போது பிழைப்பவன், எவன் எவ்வளவு குறைத்தாலும் தன்னைவிட்டுப் போகாத ஒரு சரக்கை வைத்திருப்பவன். அல்லது ஓர் ஊரில் விட்டதை வேறு பத்து ஊர்களில் பிடித்துக்கொள்ளக்கூடியவன். கட்டணத்தைக் குறைத்த அந்த வெள்ளைக்காரக் கம்பெனி, அதாவது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, இரண்டாவது வகை. அதன் கப்பல்கள் இந்துமாக்கடல் முழுவதும் ஓடின. தூத்துக்குடி–கொழும்பு நடையில் வரும் நட்டம் அதற்கு ஒரு பொருட்டல்ல. சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ அந்த ஒரே நடை.

சீனக் கம்பெனி முதல் வகை. அதன் கையில் இருந்த சரக்கு அரசாங்க அரிசி. யாங்ட்சி முகத்துவாரப் பகுதி மாவட்டங்கள் தானியமாகச் செலுத்திய வரி ஆண்டுதோறும் தலைநகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நெடுங்காலம் அது பெருங்கால்வாய் வழியே படகுகளில் போயிற்று. 1855இல் மஞ்சளாறு தன் போக்கை மாற்றிக்கொண்டதில் கால்வாய் பாழ்பட, அரிசி கடல்வழிக்கு மேலும் மேலும் திரும்பியது. அந்த அரிசியில் ஒரு பங்கை ஷாங்காயிலிருந்து தியான்ஜின்னுக்கு ஏற்றிச் செல்லும் உரிமையை, அதுவும் சந்தையில் நிலவியதைவிடக் கூடுதலான கட்டணத்தில், லீ ஹோங்சாங் இந்தக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தார். வெள்ளைக்காரன் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அந்த மூட்டைகள் அவன் கப்பலில் ஏறமாட்டா. அதற்கு மேல் அரசுக் கடனும் கிடைத்தது.

அங்கும் போட்டி கடுமையாகத்தான் நடந்தது. 1873 முதல் 1877 வரை யாங்ட்சியில் கட்டணங்கள் பாதிக்கும் கீழே விழுந்தன. அதில் முதலில் களைத்தது யார் தெரியுமா? அதுவரை அந்த ஆற்றையே ஆண்டுகொண்டிருந்த ரஸ்ஸல் என்னும் அமெரிக்க நிறுவனம். 1877இல் அதன் கப்பல்கள், துறைமேடைகள், கிட்டங்கிகள் எல்லாவற்றையும் சுமார் 20 லட்சம் டேல் (சீனர் பணம் கணக்கிட்ட வெள்ளி எடை) கொடுத்துச் சீனக் கம்பெனி வாங்கிவிட்டது. அந்தப் பணத்தில் ஏறத்தாழப் பாதியை நான்ஜிங்கின் தலைமை ஆளுநர் அரசுக் கருவூலங்களிலிருந்து திரட்டிக் கடனாகக் கொடுத்தார்.

இப்போது தூத்துக்குடிக்கு வாருங்கள். இங்கே கருவூலம் யாருடையது? அரசாங்கச் சரக்கு யார் கப்பலில் ஏறும்? ஆட்சியர் யார் பக்கம்? 1908 மார்ச் 12 அன்று கம்பெனியின் உயிராக இருந்தவரைக் கைதுசெய்த அரசும், போட்டிக் கம்பெனிக்குப் பின்னால் நின்ற அரசும் ஒன்றேதான். கூலியாட்கள் குடை வாங்கினார்களோ இல்லையோ, ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்ததே பெரிது.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, பாளையங்கோட்டை

கணக்கர் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. அதிலிருந்து படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவில்தான் தயக்கம். சீனக் கம்பெனி பிழைத்தது என்பது வேறு, எதிர்த்து நின்றது என்பது வேறு. ரஸ்ஸலை வாங்கிய அதே 1877ஆம் ஆண்டின் இறுதியிலேயே, ஸ்வயர் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் கப்பல் கம்பெனியுடன் அது உடன்படிக்கை செய்துகொண்டது. கட்டணத்தை இருவரும் சேர்ந்து வைப்பது, வருமானத்தை விகிதப்படி பங்கிடுவது என்பது ஏற்பாடு. சில ஆண்டுகளில் ஜார்டின் என்னும் மற்றொரு பிரிட்டிஷ் நிறுவனமும் அந்தக் கூட்டில் சேர்ந்தது. வெள்ளைக்காரரை ஆற்றைவிட்டு வெளியேற்றப் பிறந்த கம்பெனி, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டது. 1884இல் பிரான்சுடன் போர் மூண்டபோது, பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, தன் கப்பல்களையெல்லாம் முன்பு தான் வீழ்த்திய அதே ரஸ்ஸல் நிறுவனத்துக்கு விற்றது போல மாற்றி, அமெரிக்கக் கொடியின்கீழ் ஓட்டி, மறு ஆண்டு மீட்டுக்கொண்டது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வ.உ.சி.க்கு அப்படி ஓர் ஏற்பாடு முன்வைக்கப்பட்டிருந்தால் ஏற்றிருப்பாரா என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

அந்தக் கம்பெனியை 1873 முதல் நடத்திய தாங் டிங்ஷு, அதற்கு முன் ஜார்டின் நிறுவனத்தின் துபாஷியாக இருந்தவர். நம் சென்னைப் பட்டணத்துத் துபாஷிகளைப் போல, வெள்ளைக்கார வணிகத்துக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் நடுவில் நின்று பொருள் சேர்த்த வகுப்பு அது. ஜார்டினும் ரஸ்ஸலும் தலையெடுத்ததே அபினி வணிகத்தில். அந்த அபினியில் ஒரு பெரும்பங்கு காசி, பாட்னாப் பக்கத்து வயல்களில் விளைந்து, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியால் ஏலம் விடப்பட்டது. 1839இல் லின் சேசூ என்னும் அதிகாரி 20,000க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமன் கடற்கரையில் சுண்ணாம்பும் உப்பும் கலந்து அழித்ததைச் சாக்காக வைத்துத்தான் முதல் அபினிப் போர் தொடங்கியது. 1842 நான்ஜிங் உடன்படிக்கையில் ஹாங்காங் போயிற்று. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

அந்தப் போரில் நாம் மறந்துவிட்ட ஒரு பங்கு நமக்கு உண்டு. 1841 மே மாதக் கடைசியில், தென்சீனத்துக் காண்டன் நகரத்துக்கு வடக்கே சான்யுவான்லி என்னும் ஊரைச் சுற்றியிருந்த கிராமத்தார், அந்நியப் படை தங்கள் வீடுகளைக் கொள்ளையிட்டதையும் கல்லறைகளைத் தோண்டியதையும் பெண்களிடம் முறைகேடாக நடந்ததையும் பொறுக்காமல், ஈட்டியும் மண்வெட்டியுமாக ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவர்களிடம் சிக்கிக்கொண்டது 37ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு. அன்றைக்குப் பெருமழை. சிப்பாய்களிடம் இருந்தவை பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகள்; மருந்து நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. மழையிலும் சுடக்கூடிய புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படைச் சிப்பாய்கள் தேடி வந்து அவர்களை மீட்டார்கள்.  1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் அதே சென்னைப் படைதான் 42 ஆண்டு கழித்து அங்கே நின்றது.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்குத் தொடர்பானது. மறுநாள் இன்னும் பெரிதாகத் திரண்ட அந்தக் கிராமத்தாரைக் கலைந்துபோகச் செய்தவர் ஆங்கிலேயத் தளபதி அல்லர். காண்டனின் சீன அதிகாரி. நகரத்தைக் காப்பாற்ற 60 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்பந்தம் ஆகிவிட்டது, அதைக் கெடுக்காதீர்கள் என்று அவர் ஊர்ப் பெரியவர்களை மிரட்டி அனுப்பினார். சீனாவுக்குச் சொந்த அரசு இருந்தது என்பது உண்மை. அந்த அரசு கம்பெனிக்கு அரிசி கொடுத்தது. மக்களைக் கலைக்கவும் செய்தது. 1900இல் வெளிநாட்டாரை எதிர்த்து மூண்ட பாக்ஸர் எழுச்சியின்போது முதலில் எழுச்சியாளர் பக்கம் சாய்ந்து, எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங்கில் நுழைந்ததும் அவர்களை வேட்டையாடத் துணைநின்று, 45 கோடி டேல் தண்டத்தை 39 ஆண்டுத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டதும் அதே அரசுதான்.

பதில்: தோணிக்காரர் மகன்

ஒரு சிறு குறிப்பு. அரசாங்க அரிசியை அதற்கு முன் கடல்வழியே ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஷாங்காய்ப் பாய்மரக்காரர்கள். மணல்திட்டுக்களில் தட்டாமல் போகும்படி அடிப்பாகம் தட்டையாகக் கட்டிய பெரிய மரக்கலங்கள் அவை. சீனருடைய நீராவிக் கப்பலும் வெள்ளையருடைய நீராவிக் கப்பலும் போட்டி போட்ட கதையில், இருவராலும் பிழைப்பிழந்த இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தோணி ஓட்டினோம் என்பதால் எனக்கு இது முதலில் கண்ணில் படுகிறது.

பதில்: நெல்லை ஆய்வு மாணவன்

ஆசிரியை அம்மா சொன்ன அந்த இரண்டும், அதாவது கம்பெனியும் மக்களும், பிற்காலத்தில் ஓரிடத்தில் சேர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வ.உ.சி.க்கு நேர் இணை தேடுபவர்கள் லீ ஹோங்சாங்கை விட்டுவிட்டு, சிச்சுவான் மாகாணத்தின் லூ சோஃபூ என்பவரைப் பார்க்கலாம். அவர் ஆளுநரும் அல்லர், துபாஷியும் அல்லர். ஏழை வீட்டில் பிறந்து, பள்ளி ஆசிரியராகவும் இதழாளராகவும் இருந்தவர். 1925இல் உள்ளூர்க்காரர்களிடம் பங்கு திரட்டி மின்ஷெங் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். முதல் கப்பல் வெறும் 70 டன்.

அந்தக் காலத்தில் மேல் யாங்ட்சி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1926 ஆகஸ்டு கடைசியில் ஸ்வயர் கம்பெனியின் நீராவிக் கப்பல் ஒன்று விரைந்து சென்ற அலையில் சீனப் படகுகள் கவிழ்ந்து பலர் மூழ்கினர். உள்ளூர்ப் படைத்தலைவர் யாங் சென் அக்கம்பெனியின் இரண்டு கப்பல்களைப் பிடித்துவைத்தார். செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் போர்ப்படகுகள் வந்து வான்சியன் நகரத்தின்மீது குண்டு வீசின. நூற்றுக்கணக்கான நகரமக்கள் இறந்தனர். கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் உள்ளே, இன்னொரு நாட்டின் நடுவயிற்றில், ஒரு தனியார் கம்பெனியின் வழக்கைத் தீர்க்கப் பீரங்கி வந்தது. உடன்படிக்கைகள் கொடுத்த உரிமை என்றால் நடைமுறையில் இதுதான்.

சில ஆண்டுகளில் அந்த ஆற்றுப் போக்குவரத்தை மேற்பார்வையிடும் மாகாணப் பொறுப்பு லூ சோஃபூவிடம் வந்தது. வெளிநாட்டுக் கப்பலானாலும் சீனக் காவலர் ஏறிச் சோதித்த பின்பே சரக்கு இறக்கலாம் என்று அவர் விதித்தார். ஒரு ஜப்பானியக் கப்பல் மறுத்தது. அவர் வாதிடவில்லை, கரையில் ஒரு சுமையாளும் அந்தக் கப்பலைத் தொடவில்லை, அவ்வளவுதான். கப்பல் இறங்கிவந்தது. மேல் யாங்ட்சியின் சிறு கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த மின்ஷெங், 1930களில் அங்கே வெளிநாட்டாரை ஓரங்கட்டியது. 1938இல் வூஹான் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, யிச்சாங்கில் தேங்கிக்கிடந்த தொழிற்சாலை இயந்திரங்களையும் ஆயிரக்கணக்கான மக்களையும் சுமார் 40 நாட்களில் ஜப்பானியருக்கு எட்டாத மேற்கே கொண்டுசேர்த்தவை பெரும்பாலும் அவருடைய கப்பல்களே.

சுமையாட்கள் கைகட்டி நின்றது திடீரென்று வந்ததல்ல. 1922 ஜனவரியில் ஹாங்காங் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு வேலையை விட்டார்கள். அரசு அவர்களுடைய சங்கத்தைத் தடைசெய்து, பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போயிற்று. ஏறத்தாழ எட்டு வாரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட, கூலி 15 முதல் 30 விழுக்காடு வரை ஏறியது. கழற்றிய பலகையை அரசே கொண்டுவந்து மீண்டும் மாட்டியது.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, பாளையங்கோட்டை

தம்பி, பலகைச் செய்தியை எழுதியதற்கு மகிழ்ச்சி. நானும் அதைத்தான் சேர்க்க நினைத்திருந்தேன். அதனோடு 1925ஐயும் வைத்துப் பாருங்கள். ஷாங்காயில் ஜப்பானியருக்குச் சொந்தமான பஞ்சாலையில் கூ செங்ஹோங் என்னும் தொழிலாளி மே 15 அன்று சுடப்பட்டார். மே 30 அன்று நான்ஜிங் சாலையில் திரண்ட கூட்டத்தை ஆங்கிலேய அதிகாரியின் ஆணைப்படி காவலர் சுட்டனர். அந்தக் காவலரில் நம் சீக்கியரும் இருந்தனர். அதையொட்டி எழுந்த ஹாங்காங்–காண்டன் வேலைநிறுத்தம் 16 மாதங்கள் நீடித்தது. இதற்கு 17 ஆண்டு முன்பு தூத்துக்குடியில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் ஆலையின் தொழிலாளர்கள் பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தி ஒன்பதே நாளில் வென்றார்கள்; வ.உ.சி. கைதானதும், மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். பஞ்சாலை, துப்பாக்கி, கடையடைப்பு என்று வரிசை ஒன்றாகவே இருக்கிறது. ஒட்டப்பிடாரம் அண்ணாச்சி தம் கூட்டத்தில் கப்பலை மட்டும் பேசி ஆலையை விட்டுவிடாமல் இருந்தால் நல்லது.

பதில்: கிட்டங்கிக் கணக்கர், தூத்துக்குடி

அம்மா சொன்ன 'பிழைத்தது வேறு, எதிர்த்தது வேறு' என்பதை இரண்டு நாள் யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டுக் கப்பல்கள் சீன ஆறுகளிலும் கடலோரத்திலும் ஓடும் உரிமையைப் பிரிட்டனும் அமெரிக்காவும் கைவிட்டது 1943ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில்தான். அது நான் புகழ்ந்த கம்பெனியின் கணக்குப் புத்தகத்தால் வந்ததல்ல.

ஆனால் அதன் கதை அங்கே முடியவுமில்லை. கொழும்புத் துறைமுகத்தின் தெற்குச் சரக்குப்பெட்டி முனையத்தை 2013 முதல் நடத்திவருவது அந்தக் கம்பெனியின் குழுமமே. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்ததும் அதுவே. 1898இல் ஹாங்காங்கின் புதிய பகுதிகளைப் பிரிட்டன் சீனாவிடமிருந்து குத்தகைக்கு எழுதி வாங்கியதும் 99 ஆண்டுக்குத்தான். நான் வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில், வ.உ.சி.யின் பெயர் தாங்கிய நம் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பிப் பெரிய கப்பலில் ஏற்றிய பெட்டிகளின் காகிதங்களில் அந்தத் தெற்கு முனையத்தின் பெயரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை நடத்தும் கம்பெனி 1872இல் பிறந்தது என்பது உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கேள்வி கேட்டவர்: ஒட்டப்பிடாரம் வாசகன்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்துக்கு ஓர் அட்டை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தலைப்பில் '1872' என்று போட்டு, இடப்பக்கம் ஒட்டப்பிடாரம், வலப்பக்கம் ஷாங்காய் என்று கோடு கிழித்தேன். 1841 மழையில் நனைந்த சென்னைச் சிப்பாய்களை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கேள்வி கேட்ட பிள்ளையிடமே பேனாவைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.